மந்திரி வரவில்லை, ரோடு வந்தது

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் உள்ள அரசாங்க அலுவலகங்களை, ஒரு சட்டமும் போடாமல், ஒரு மந்திரியையும் கூட்டிவராமல், ஒரு நாளைக்காவது ஒழுங்காக வேலை செய்ய வைத்த ஒரே மனிதன் பவுடர்தான். சந்தேகம் இருந்தால் எங்கள் ரேஷன் கடைக்காரரைக் கேளுங்கள். அந்த மனிதர் இன்றைக்கும் தரையில் கோலமாவு சிந்தியிருந்தால்கூட சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறார்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் பவுடர் என்ற பேரைக் கேட்டதும் முகத்துக்குப் பூசிக்கொண்டு திரிகிற மைனர் என்று நினைப்பார்கள். நேரில் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். சவரம் செய்யாத முகம், மடித்துக் கட்டிய லுங்கி, பந்தல் கயிறு அறுத்த கைகள். அவன் முகத்துக்குச் சோப்புப் போட்டதே கல்யாணத்தன்றுதான் என்று அவன் பெண்டாட்டி தனம் சொல்வாள்.

எங்கள் நகர் திருமுல்லைவாயிலுக்கும் வெள்ளானூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதற்கு மேல் விலாசம் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கதையில் வரப்போகிற நர்சம்மா அடுத்த முறை எனக்கு ஊசி போடும்போது காட்டிவிடும்.

பவுடருக்குத் தொழில் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது. கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் நாற்காலிதான். கடை மூலையில் ஒரு கோணிப்பை இருக்கும். அதற்குள் எல்லாக் கட்சியின் கொடிக்கம்புகளும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக் கிடக்கும். மேடையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிகள் சாக்குக்குள் இப்படி ஒற்றுமையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நீ யாருக்குத்தான்யா ஓட்டுப் போடுவாய் என்று ஒருநாள் கேட்டேன். "எவன் சேரை ஒடைக்காம திருப்பித் தர்றானோ அவனுக்கு" என்றான்.

இனி பவுடர் என்ற பேர் வந்த கதைக்கு வருகிறேன். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் நம் ஊரில் ரோட்டின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். எதற்குப் போடுகிறார்கள் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. கொசு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. சாக்கடை நாற்றம் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்பதும் இல்லை. ஆனால் கோடு விழுந்தால் அதிகாரிகள் ஓட ஆரம்பிப்பார்கள். அது மட்டும் நிச்சயம்.

வெள்ளானூர் பக்கம் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு மந்திரி வருவதாக இருந்தது. எங்கள் தெரு வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் தெருவோ அப்போது தெருவாகவே இல்லை. குழிகளுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யச் சொல்லி நான் போகாத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பண்டு வரவில்லை என்றார்கள். மந்திரி வருகிறார் என்றதும் பண்டு ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. குழி மூடினார்கள், தார் ஊற்றினார்கள், எரியாத விளக்கை எரியவைத்தார்கள், குப்பைத் தொட்டியையே புதிதாக வைத்தார்கள். கடைசியில் வெள்ளைக் கோடும் போட்டார்கள்.

மந்திரி வேறு ரோட்டில் போய்விட்டார்.

மாலையோடு நின்ற கட்சிக்காரர்களுக்கு முகம் செத்துவிட்டது. நான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். பவுடர் மட்டும் அடுக்கிவைத்த நாற்காலிகள் மேல் ஏறி உட்கார்ந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"இன்னாத்துக்கு மாமே கத்துற? மந்திரி வரல. ரோடு வந்துகீது பாரு."

அன்றைக்கு அவன் மண்டையில் விழுந்த பொறிதான். மந்திரி வந்ததால் ரோடு வரவில்லை, வருவார் என்ற பயத்தில்தான் வந்தது. அப்படியானால் மந்திரி எதற்கு, கோடு போதுமே என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான்.

பூந்தமல்லியில், மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்புக்குப் பின்னால், பாய் ஒருத்தர் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அங்கே போய் ஒரு மூட்டை வாங்கி வந்தான். பாய் முதலில் கிணறு சுத்தம் பண்ணத்தான் வாங்குகிறான் என்று நினைத்தார். பிறகு விஷயம் தெரிந்துகொண்டு, இவன் தலையைக் கண்டாலே, "இன்னா அண்ணாத்தே, இந்த வாரம் எந்தத் துறை அமைச்சரு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

முதலில் ரேஷன் கடை. மெயின் ரோட்டிலிருந்து கடை வாசல் வரை விடியற்காலையில் கோடு போட்டான். அந்தக் கடைக்காரர் எப்போது திறப்பார் என்பது அவருக்கே தெரியாது. பாமாயில் எப்போது கேட்டாலும் நேற்றுத்தான் தீர்ந்திருக்கும். கைரேகை வைக்கிற மெஷினில் சர்வர் வராது. அன்றைக்கு மனிதர் வெயில் ஏறுமுன்னே கடையைத் திறந்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். தீர்ந்துபோன பாமாயில் உள்ளேயிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. அரிசியை நிறுத்துப் போட்டுவிட்டு, எடை சரியா பாருங்கம்மா என்று தனத்திடம் கேட்டாராம். சர்வர்கூட அன்றைக்கு மந்திரிக்குப் பயந்து வந்துவிட்டது.

அப்புறம் மின்சாரக் கம்பி. எங்கள் சந்தில் ஒரு கம்பி தாழத் தொங்கிக்கொண்டு கிடந்தது. உயரமான ஆள் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனோம். பவுடர் கம்பிக்கு நேர் கீழே இரண்டு நாற்காலிகளைப் போட்டு, அவற்றின் முதுகில் வெள்ளைப் பூத்துவாலையை விரித்துவிட்டான். நாற்காலி மேல் துவாலை விழுந்தால் அது நாற்காலி இல்லை, பதவி. அந்த வழியாக வந்த மின்வாரிய ஆள் ஒருவர் வண்டியை நிறுத்தி, யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? சேரு போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றான்.

மத்தியானத்துக்குள் ஏணி வந்தது, கம்பி மேலே போனது. யார்யா உன்னைப் போடச் சொன்னது என்று நான் கேட்டேன். கழுவின நாற்காலியைக் காயப்போடச் சொல்லித் தனம்தான் சொன்னாளாம். துவாலையும் அவள் துவைத்ததுதான். பவுடரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் பிடித்தவன், யூனியனில் கொடி பிடித்தவன். நமக்கு வர வேண்டியதை நேராக நின்று கேட்டு வாங்க வேண்டும், இப்படி ஏய்த்து வாங்கக்கூடாது என்பது என் கட்சி. டீக்கடையில் இதை வைத்து எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. அரசியல்வாதியின் நிழலைக் காட்டிப் பயமுறுத்துகிறாய், நீயும் அவனும் ஒன்றுதான் என்று கத்துவேன். அவன் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொல்வான், ஆபீசர் நம்மைப் பார்த்துப் பயப்பட மாட்டான், ஓட்டுக் கேட்டு வருகிறவனைப் பார்த்துத்தான் பயப்படுவான், ஓட்டுக் கேட்கிறவன் நம்மைப் பார்த்துப் பயப்படுவான், அதனால் சுற்றுவழியில்தான் போயாக வேண்டும் என்று. சுற்றுவழிக்குப் பேர்தான் அரசியல் என்பது அவன் சித்தாந்தம். ஒரு ஆபீசைத் திருத்த ஆபீசரால் முடியும் என்று நம்புகிறவனை அவன் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். என்னையும் அப்படித்தான் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம் விளையாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. தனத்தின் காலில் புண் வந்ததும் விளையாட்டு நின்றது.

தனம் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். சர்க்கரை வியாதி வந்து வேலையை விட்டாள். செருப்பு வார் உரசி இடது கால் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னப் புண். சொல்லாமலே மறைத்துவைத்திருந்தாள். நாற்றம் வந்த பிறகுதான் பவுடருக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே அறுத்துச் சுத்தம் செய்து, தினமும் கட்டு மாற்றியாக வேண்டும், ஒரு நாள் விட்டால் விரல் போகும், அதற்கு மேல் விட்டால் பாதம் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டு மாற்ற இவ்வளவு தூரம் வர வேண்டாம், உங்கள் பக்கத்து சுகாதார நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து சுகாதார நிலையத்தில் என்னென்ன இலவசம் என்று எழுதிய போர்டு கட்டடத்தைவிடப் பெரியது. உள்ளே ஒரே ஒரு நர்சம்மா. ஊசி, தடுப்பூசி, பிள்ளைத்தாய்ச்சிகள், கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் அந்த ஒரு பெண்தான். கட்டுக் கட்டுகிற ஆளை வேறு எங்கேயோ தற்காலிகமாக அனுப்பியிருந்தார்கள். அந்தத் தற்காலிகம் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. டாக்டருக்கு இரண்டு சுகாதார நிலையங்கள். இங்கே கேட்டால் அங்கே இருக்கிறார் என்பார்கள், அங்கே கேட்டால் இங்கே இருக்கிறார் என்பார்கள். எனக்கென்னவோ மனிதர் இரண்டுக்கும் நடுவில் பைபாசில் நின்றுகொண்டிருந்தார் என்றுதான் தோன்றுகிறது. கட்டுக்கு வந்தால், ஆள் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்பதுதான் பதில்.

புண்ணான காலோடு அவள் ரயில்வே ஸ்டேஷன் படி ஏறி இறங்கினாள். கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று பவுடர் அவள் காலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கபடி ஆடுகிறவன் மாதிரி பின்பக்கமாகவே நடந்து போவான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சில நாள் போக முடியாது, கட்டு அப்படியே கிடக்கும். ஒருநாள் தானே மாற்றிவிடுகிறேன் என்று உட்கார்ந்தான். மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று கயிறு கட்டுகிறவன், பஞ்சை எடுத்து அந்தப் புண்ணைப் பார்த்ததும் மயக்கம் போட்டுச் சாய்ந்தான். தனம்தான் ஒரு காலால் நொண்டிக்கொண்டு போய் இவன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் சுகாதார நிலையத்துக்குக் கோடு போட்டான். இதுவரை போட்டதிலேயே தடிமனான கோடு.

அது வேலை செய்தது. எப்படிச் செய்தது என்றால், டாக்டர் பைபாசிலிருந்து இறங்கி வந்தார். தற்காலிகமாகத் தொலைந்துபோன கட்டுக் கட்டும் ஆளை ஜீப்பில் வைத்துக் கூட்டிவந்தார்கள். தனத்தை நாற்காலியில் உட்காரவைத்து, புதுப் பஞ்சில், புதுத் துணியில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவள் என் பெண்டாட்டியிடம் சொன்னாளாம், "இத்தினி நாளா வலிக்குது வலிக்குதுன்னு நானா சொல்லிகினு இருந்தேன். இன்னிக்கி அவங்களா கேக்கறாங்கக்கா, வலிக்குதாம்மான்னு." அதைச் சொல்லும்போது அழுதாள் என்று என் பெண்டாட்டி சொன்னாள்.

அடுத்த நாள் போனால் கட்டுக் கட்டுகிறவர் இல்லை. பவுடர் மறுபடி கோடு போட்டான். மறுபடி வந்தார்கள். அப்படியே சில தடவை ஓடியது. ஒரு விடியற்காலையில் கோணியும் கையுமாக நர்சம்மாவிடம் மாட்டிக்கொண்டான். திட்டப்போகிறது என்று நின்றான். அந்தப் பெண் திட்டவில்லை. கோட்டைப் பார்த்தது, இவனைப் பார்த்தது, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டது.

"நீங்கதானா அண்ணே இது? நீங்க ஒவ்வொரு தடவ கோடு போடும்போதும் ராத்திரியே எனக்குப் போன் பண்ணித் திட்டுறாங்க. வந்து கக்கூஸ் கழுவுறது நானு. ஒட்டடை அடிக்கிறது நானு. எம் பிள்ளைக்கு ஜுரம், அதை விட்டுட்டு வந்துகீறேன். யாருக்குப் பயம் காட்டுறீங்க? எனக்கா?"

பவுடர் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வரவில்லை. பயம் என்பது மேலேயிருந்து உருண்டு உருண்டு வந்து, கடைசியில் யாருக்குக் கீழே ஆள் இல்லையோ அவர் தலையில்தான் விழுகிறது என்று சொன்னான். நான் நல்ல சந்தர்ப்பம் என்று, நான் அப்போதே சொல்லவில்லையா என்று பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்துபோனான். மிச்சப் பவுடரைச் சாக்கடையில் கொட்டிவிட்டான்.

அதற்குள் விஷயம் வாட்ஸ்அப்பில் எல்லா ஆபீசுக்கும் பரவிவிட்டது. எங்கள் பக்கம் வெள்ளைக் கோடு தெரிந்தால் யாரும் பதற வேண்டாம், அது நாற்காலிக்காரன் வேலை என்று சொல்லிக்கொண்டார்கள். ரேஷன் கடைக்காரர் மறுபடி இஷ்டத்துக்குத் திறந்தார். டாக்டர் பைபாசுக்குத் திரும்பினார்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குத் திடீர் ஆய்வு செய்ய ஆசை வந்தது. திடீர் ஆய்வு என்றால் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி, கேமராவுக்கும் சொல்லி, கோடும் போட்டுவிட்டுத்தான் போவார்கள். சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொன்னார்கள். கோடும் போட்டார்கள். நிஜக் கோடு. ஆனால் தகவலைக் கேட்டவர்களும் கோட்டைப் பார்த்தவர்களும், பவுடர் மறுபடி கிளம்பிவிட்டான், இப்போது போனிலும் பேச ஆரம்பித்துவிட்டான் என்று சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நர்சம்மா தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தது.

அன்று சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள் தனம், பவுடர், நான், டாக்டர் மேஜைக்கு அடியில் ஒரு நாய். தனத்தால் ரயிலுக்கு நடக்க முடியவில்லை. யாராவது வருவார்களா பார்க்கலாம் என்று வந்து, காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டு மாற்றி சில நாள் ஆகியிருந்தது. பவுடர் ஒரு அட்டையை எடுத்துக் கால் மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தான்.

எம்.எல்.ஏ. உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் பத்துப் பதினைந்து பேர், கேமரா. காலி நாற்காலியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடைசியில் தனத்தைப் பார்த்து, "டாக்டர் எங்கம்மா?" என்றார்.

தனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், கோடு போட்டது பத்தலன்னு இப்ப ஆளையும் வாடகைக்கு எட்த்தாந்துட்டியா?"

பவுடர் விசிறிய அட்டை அப்படியே நின்றுவிட்டது. அவள் மறுபடி எம்.எல்.ஏ.விடம் திரும்பினாள். "உன்னச் சொல்லிக் குத்தமில்ல நைனா. நல்லாத்தான் வேசம் கட்டிகீற. வேட்டி கஞ்சி போட்டுக்கீது, மோதரம்கூட அவங்க போடுறா மாரியே கீது. ஆனா ஒன்னு தப்புப் பண்ட்ட. நெசமான எம்.எல்.ஏ. இங்க எதுக்கு வரப்போறான்? அது இங்க ஒருத்தன்கூட நம்பமாட்டான். போ, வெயில்ல அலயாத, போய் மோர் குடி."

எனக்கு அந்தக் கட்டடக் கூரை தலையில் விழுந்தால் தேவலை என்று இருந்தது. பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் மாற்றிக்கொண்டான். எம்.எல்.ஏ.வுக்கு முகம் கறுத்துவிட்டது. போனை எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, டாக்டர், நர்சு, எல்லோரையும் இன்றைக்கே சஸ்பெண்ட் பண்ண வேண்டும் என்று கத்தினார். கேமரா பக்கத்தில் போனது. நானும் மனசுக்குள், பண்ணு, எல்லாரையும் பண்ணு என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படித்தான் கோபம் வந்தது.

பவுடர் எழுந்துபோய் அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றான்.

"சஸ்பெண்ட் பண்ணாத நைனா. பண்ணா இருக்கிற ஒரு ஆளும் கொறையும். எனக்கு ஒரு ஆள் ஏறணும்."

நீ யார் என்று கேட்டார். நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் என்றான். தனத்தின் காலைக் காட்டி இவள் என் பெண்டாட்டி என்றான். அப்புறம் கேமராக்காரனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினான். குரலை ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. சஸ்பெண்ட் ஒரு நாள் செய்தி, நாளை மறந்துவிடுவார்கள், அந்த நர்சம்மா வீட்டுக்குப் போகும், மூன்றாம் நாள் கதவு பூட்டிக் கிடக்கும் என்றான். இந்த மூலையில் ஒரு ரூம் பூட்டிக் கிடக்கிறது, அதைக் கட்டுக் கட்டும் ரூமாகத் திறந்து வையுங்கள், ரிப்பன் நான் கட்டுகிறேன், சாமியானா என் செலவு என்றான். "ஆனா அதுக்கு நெரந்தரமா ஒரு ஆளைப் போட்டுட்டு வந்து ரிப்பன் வெட்டு. இந்த ஏரியாவுல எத்தினி ஓட்டு காலு சரியில்லாம கீதுன்னு உனக்குத் தெரியாது. தெனமும் கட்டுக் கட்டிக்கினு போறவன் ஒவ்வொருத்தனும் உம் பேரச் சொல்லிகினே போவான்."

எம்.எல்.ஏ. அந்த மூலை ரூமைப் பார்த்தார். தனத்தின் காலைப் பார்த்தார். அவர் கண்ணில் எது முதலில் பட்டது, காலா ஓட்டா என்று எனக்குத் தெரியாது. போனை உள்ளே வைத்தார். தனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி, "நெசமாவே நீதானா? அப்ப ஒக்காரு" என்றாள்.

அவர் அன்றைக்குத் தன் வண்டியிலேயே தனத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் மறந்துவிட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பவுடர் விடவில்லை. அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். நாளை, அடுத்த வாரம், கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். பிறகு அவர் கட்சிக்காரர்கள் பெரிய கூட்டத்துக்கு நாற்காலி கேட்டு வந்தார்கள். இல்லை என்றான். கடை நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு இல்லை என்றான். கட்டுக் கட்டுகிற ஆள் வரட்டும், நாற்காலி வரும் என்றான். எங்கள் கட்சி வேண்டாம் என்று எதிர்க்கட்சிக்குப் போகிறாயா என்று மிரட்டினார்கள். எதிர்க்கட்சியும் கேட்டு வந்தது, அவர்களுக்கும் இதே பதில்தான் சொன்னேன், ஆளைக் கொண்டுவர எந்தக் கட்சி முதலில் உத்தரவு வாங்குகிறதோ அந்தக் கட்சி உட்காரலாம் என்றான். ஆவடியில் வேறு நாற்காலிக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பூந்தமல்லி வரைக்கும் உள்ள சாமியானாக்காரர்கள் எல்லோரும் இவனுக்குக் கூட்டாளிகள், அவர்களும் நாற்காலி இல்லை என்றார்கள். தேர்தல் தேதி அறிவிக்குமுன் எம்.எல்.ஏ. போட்ட கூட்டத்தில் ஜனங்களை நிற்கவைத்தே பேச வேண்டி வந்தது. நின்றவர்கள் பாதியில் கிளம்பிவிட்டார்கள். உத்தரவு அந்த வாரமே வந்தது.

ரிப்பன் வெட்டினார்கள். ரூம் குளியலறை அளவுதான். சுவரில் பதித்த கல்வெட்டு ஜன்னலைவிடப் பெரிசு. அதில் எம்.எல்.ஏ. பேரை அத்தனை பெரிசாக வெட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நம் வரிப்பணத்தில், எப்போதோ போட்டிருக்க வேண்டிய ஒரு ஆளைப் போட்டதற்கு, தன் வீட்டுக் காசில் கட்டிக்கொடுத்தவன் மாதிரி இவன் பேரா என்று அங்கேயே கத்தினேன். பவுடர் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

"பேரு வச்சிக்கட்டும் மாமே. நாளைக்கி அந்த ரூமு பூட்டிக் கெடந்தா, கல்லுல கீற பேரைக் காட்டிக் கேப்பேன். பேரே இல்லாத ரூமைப் பூட்டினா நீ எவனைப் போய்க் கேப்ப?"

நான் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அந்த ரூம் இப்போதும் திறந்திருக்கிறது. கட்டுக் கட்டுகிறவர் ஒரு அமைதியான மனிதர், பேரே தெரியாது, நாங்கள் எல்லோரும் அவரை ரிப்பன் என்றுதான் கூப்பிடுகிறோம். நர்சம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கிறது. டாக்டர் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை, ஆனால் பைபாசில் நிற்கிற நேரம் குறைந்திருக்கிறது. நிஜக் கோட்டைப் பொய் என்று நினைத்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டதிலிருந்து ரேஷன் கடைக்காரரும் மறுபடி வெள்ளையைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

தனத்தின் சுண்டுவிரல் போய்விட்டது. கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் அது போய்விட்டது. ரிப்பன் கட்டுக் கட்டியதில் பாதம் பிழைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஒரு உத்தரவுக்கு ஒரு பெண்ணின் விரல் என்றால் அது என்ன நியாயம் என்று பவுடரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் மட்டும் அவன் தனத்தின் செருப்பை எடுத்து, வார் எங்கேயாவது உரசுமா என்று தடவிப் பார்ப்பான்.

சாயங்காலம் தனம் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு மெதுவாக நடப்பாள். பவுடர் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டே, வழியில் கிடக்கிற கல், முள், ஆணி எல்லாவற்றையும் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். அரசியல் பற்றி இரண்டு வார்த்தை சண்டை போடலாம் என்று நானும் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்வேன். அவன் தலையை நிமிர்த்தவே மாட்டான். கொஞ்ச தூரம் போனதும் நானும் பேச்சை விட்டுவிட்டு, அவன் பார்க்காமல் விட்ட கல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.